மீன்குஞ்சு பிழைப்பது எதனால்? கடலும் தாயும் சேர்ந்து போடும் கணக்கு

கலிபோர்னியா கடலில் பொகாச்சியோ என்றொரு மீன் உண்டு. நன்கு பெருத்த தாய் ஒரே பருவத்தில் இருபது லட்சம் குஞ்சுகள் வரை ஈனும். ஐம்பது வயது வரை வாழக்கூடிய மீன் என்பதால், ஒரு தாயின் ஆயுள் கணக்கு கோடிகளில் போய் நிற்கும். அத்தனை கோடியில் சராசரியாக இரண்டே இரண்டு பிழைத்து வளர்ந்து தாங்களும் இனப்பெருக்கம் செய்துவிட்டால் போதும், இனம் குறையாது. இரண்டு நான்கானால் ஒரு தலைமுறையில் மீன்வளம் இரட்டிப்பாகும், ஒன்றானால் பாதியாகிவிடும்.

கோடியில் ஒன்றிரண்டு என்ற இந்தக் கணக்கில் சின்ன மாற்றம் எவ்வளவு பெரிதாக வெடிக்கும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பத்து லட்சம் குஞ்சுகள் பிறக்கின்றன, தினமும் நூற்றுக்குப் பத்து சாகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறாவது நாள் மிஞ்சுவது 27. அந்தப் பத்து எட்டாகக் குறைந்தால் மிஞ்சுவது 239, ஏறக்குறைய ஒன்பது மடங்கு. சாவு விகிதம் பத்தாகவே இருக்கட்டும், ஆனால் குஞ்சு கொஞ்சம் வேகமாக வளர்ந்து ஆபத்தான பருவத்தைப் பத்து நாள் முன்னதாகவே, அதாவது தொண்ணூறாவது நாளிலேயே கடந்துவிட்டால் மிஞ்சுவது 76. இவை விளக்கத்துக்காகப் போட்ட எண்கள்தான். ஆனால் இளமையில் கிடைக்கும் சிறு சலுகைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது இதில் தெரியும்.

நார்வேயின் மீன்வள ஆய்வாளர் யோஹான் யோர்ட் 1914 இல், குஞ்சு பிழைப்பது எதனால் என்ற கேள்விக்கு அடித்தளம் போட்டார். நார்வே வலைகளில் ஆண்டுக்கணக்காக விழுந்துகொண்டிருந்த ஹெர்ரிங் மீன்களின் வயதைச் செதில் வளையங்களை எண்ணிப் பார்த்தபோது, பெரும்பகுதி 1904 இல் பிறந்தவையாக இருந்தன. முன்னும் பின்னும் பிறந்தவை சொற்பம். தாய்மீன்கள் எல்லா ஆண்டும்தான் முட்டையிட்டன. 1904 குஞ்சுகள் மட்டும் எப்படிப் பிழைத்தன? கருவிலிருந்து கொண்டுவந்த உணவு தீர்ந்து, முதல் இரையைத் தானே பிடிக்கவேண்டிய அந்தச் சில நாட்களில் கடலில் இரை இருந்ததா என்பதே தீர்மானிக்கிறது என்றார் யோர்ட். நீரோட்டம் குஞ்சுகளைத் தகாத இடத்துக்கு அடித்துப் போவதையும் இன்னொரு காரணமாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஆய்வாளர்களின் கண் கடல் மீதே இருந்தது. தாய் என்பது முட்டை போடும் எந்திரம், எல்லாத் தாயும் ஒன்று, எல்லா முட்டையும் ஒன்று என்ற எண்ணம். மேற்கு அமெரிக்கக் கரையின் ராக்ஃபிஷ் மீன்கள்தான் இந்த எண்ணத்தை நன்றாக ஆட்டிவிட்டன. பெயரைப் பார்த்து நம் களவாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு குடும்பம். அலாஸ்காவிலிருந்து மெக்சிகோவின் பாகா வரை அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பொகாச்சியோவும் அவற்றில் ஒன்று. சில இனங்கள் நூறு வயதைத் தாண்டும். ரஃப்ஐ ராக்ஃபிஷ் இருநூறு வயது வரை வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது.

இவை முட்டையிடுவதில்லை, குஞ்சு ஈனுபவை. இலையுதிர் காலத்தில் இணை சேர்ந்து, ஆணின் விந்தைப் பெண் உடலுக்குள் சேமித்து வைத்துக்கொண்டு, பிறகு சினையைக் கருவுறச் செய்து, ஒரு மாதத்துக்கு மேல் சுமக்கும். பல இனங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை ஈனுகின்றன. பிறக்கும் குஞ்சின் நீளம் சுமார் ஐந்து மில்லிமீட்டர். கண் இருக்கும், வாய் திறந்திருக்கும், அன்றே இரை தேடவேண்டும். வயிற்றருகே கண்ணாடி மணி போல ஒரு துளி எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அவ்வளவுதான்.

அந்த எண்ணெய்த் துளியின் பருமன் எல்லாக் குஞ்சுக்கும் ஒன்றல்ல. மீன் ஆய்வாளர் ஸ்டீவன் பெர்க்லியும் அவருடைய கூட்டாளிகளும் கலிபோர்னியாவுக்கு வடக்கே உள்ள ஒரிகன் கரையில் சினைப்பட்ட பிளாக் ராக்ஃபிஷ் மீன்களைப் பிடித்துவந்து, ஒவ்வொரு தாயின் குஞ்சுகளையும் ஆய்வகத்தில் தனித்தனியே வளர்த்தார்கள். தாய்களின் வயது 5 முதல் 17 வரை. 2004 இல் வெளியான முடிவு இது: முதிய தாய்களின் குஞ்சுகள் இளம் தாய்களின் குஞ்சுகளைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாக வளர்ந்தன, பட்டினி போட்டபோது இரண்டு மடங்குக்கு மேல் நாட்கள் தாங்கின. வேறுபாட்டுக்குக் காரணம் பிறக்கும்போது இருந்த எண்ணெய்த் துளியின் பருமன்.

முதிய தாய் ஏன் அதிகம் தருகிறது? பாசத்தால் அல்ல. இளம் பெண்மீன் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, தின்றதைத் தன் உடம்புக்கும் சினைக்கும் பங்கு போடவேண்டும். வயதான மீன் ஏறக்குறைய வளர்ந்து முடித்துவிட்டது. உடம்பைப் பராமரித்தது போக மிச்சமெல்லாம் கொழுப்பாகச் சேர்ந்து சினைக்குப் போகிறது. இன்னொன்றும் இருக்கிறது. பிளாக் ராக்ஃபிஷில் முதிய தாய்கள் பருவத்தின் தொடக்கத்திலேயே ஈனுகின்றன, இளம் தாய்கள் பின்னால் வருகின்றன. எல்லா வயதுத் தாய்களும் கடலில் இருந்தால் பிறப்பு பல வாரங்களுக்குப் பரவியிருக்கும். இது ஏன் முக்கியம் என்பது கடலைப் பார்த்தால் புரியும்.

கடலின் பங்கு

வசந்த காலத்தில் கலிபோர்னியா, ஒரிகன் கரையோரம் வடமேற்குக் காற்று பிடிக்கத் தொடங்கும். கரைக்கு இணையாக வீசும் அந்தக் காற்று மேல்நீரைத் தள்ளும்போது, பூமியின் சுழற்சியால் நீர் காற்றுத் திசைக்கு வலப்பக்கம் விலகும், அதாவது கரையைவிட்டு ஆழ்கடல் பக்கம். போன நீரின் இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். இதை மேலெழுச்சி என்பார்கள். அடிநீரில் நைட்ரேட் போன்ற சத்துக்கள் தேங்கிக் கிடக்கின்றன. அவை வெளிச்சத்துக்கு வந்ததும் நுண்பாசிகள் பெருகும், அவற்றைத் தின்று கோபிபாட் என்னும் நுண்ணிய ஓட்டுடலிகள் பெருகும். அந்தக் கோபிபாட்களின் குஞ்சுகளே ராக்ஃபிஷ் குஞ்சின் முதல் இரை.

காற்று எவ்வளவுக்கெவ்வளவு பலமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்று தோன்றும். அப்படி இல்லை. பலமான காற்று சத்தைக் கொண்டுவரும் அதே வேகத்தில் குஞ்சுகளையும் கரையைவிட்டு அடித்துச் செல்லும்; நீரைக் கலக்கி, அடுக்காகத் திரண்டிருந்த இரையைச் சிதறடிக்கும். ஒரு குஞ்சு இரையைப் பார்க்கக்கூடிய தூரம் அதன் உடல் நீளத்தை ஒட்டித்தான் இருக்கும். ஒரு லிட்டரில் இருந்த இரை பத்து லிட்டரில் கலந்துவிட்டால் மொத்தத்தில் ஏதும் குறையவில்லை, ஆனால் குஞ்சுக்கு அது பஞ்சம். தென் கலிபோர்னியாவில் நெத்திலி இனக் குஞ்சுகளின் இரையை ஆராய்ந்த ரூபன் லாஸ்கர் 1970களில் இதை நேரடியாகவே பார்த்தார்: ஒரு புயல் வந்து போனதும் இரையடுக்கு கலைந்துவிட்டது. காற்று மிதமாக வீசுவதும், நடுநடுவே ஓய்வதுமே குஞ்சுக்கு நல்ல காலம்.

இந்தக் காற்று எந்த வாரம் தொடங்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2005 இல் வடக்குப் பகுதியில் மிகவும் தாமதமாக வந்தது. இரையில்லாமல் கடற்பறவைகள்கூட அந்த ஆண்டு குஞ்சு பொரிப்பதில் தோற்றன. எல்லாத் தாயும் ஒரே இரண்டு வாரத்தில் ஈன்றிருந்தால், அந்த இரண்டு வாரம் தப்பினால் ஆண்டே போச்சு. பிறப்பு பரவியிருந்தால் யாராவது ஒரு தாயின் குஞ்சு சரியான வாரத்தில் போய் விழும். வெவ்வேறு வயதுத் தாய்கள் இருப்பதன் லாபம் இங்கேதான் வருகிறது.

அடுத்தது நீர் எங்கிருந்து வருகிறது என்பது. கரையோரக் கடலுக்கு இரண்டு ஊற்றுகள். வடக்கே ஆர்க்டிக்கை ஒட்டிய பசிபிக்கிலிருந்து கலிபோர்னியா நீரோட்டம் கொண்டுவரும் நீர் குளிர்ந்தது, உப்புக் குறைந்தது, ஆக்சிஜன் நிறைந்தது. தெற்கே நிலநடுக்கோட்டுப் பக்கமிருந்து கரையை ஒட்டி ஆழத்தில் ஏறிவரும் நீர் வெதுவெதுப்பானது, உப்பு அதிகம், ஆக்சிஜன் குறைவு. வடக்கு நீரோடு வரும் கோபிபாட் இனங்கள் பருத்தவை, கொழுப்பு மிகுந்தவை; தெற்கத்தியவை சிறியவை, மெலிந்தவை. ஒன்று நெய்ச்சோறு என்றால் மற்றது வெறுங்கஞ்சி.

அமெரிக்க அரசின் கடல் மீன்வள அமைப்பு 1983 முதல் மத்திய கலிபோர்னியாக் கரையில் ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் இளம் ராக்ஃபிஷ்களை எண்ணிவருகிறது. இரவில், நடுநீர் இழுவலையை முப்பது மீட்டர் ஆழத்தில் பதினைந்து நிமிடம் இழுப்பார்கள். இரவு என்பதற்குக் காரணம், பகலில் குஞ்சுகள் வலையைப் பார்த்து விலகிவிடும். ஆழமும் நேரமும் மாறாமல் இருந்தால்தான் ஒரு ஆண்டை இன்னொரு ஆண்டோடு ஒப்பிட முடியும். இந்த நீண்ட கணக்கில், வடக்கு நீர் அதிகம் வந்த ஆண்டுகளில் இளம் மீன்கள் மிகுதியாகவும், 1998 போன்ற எல் நினோ ஆண்டுகளில், அதாவது நிலநடுக்கோட்டுப் பசிபிக் வழக்கத்தைவிடச் சூடேறும் ஆண்டுகளில், மிகக் குறைவாகவும் இருந்தன.

பிறகு ஒரு புதிர் வந்தது. 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கின் மேல்நீர் வரலாறு காணாத அளவு சூடேறியது. குஞ்சுகள் அழிந்துவிடும் என்று எதிர்பார்த்த ஆண்டுகளில் இளம் ராக்ஃபிஷ்கள் வலையில் ஏராளமாக விழுந்தன. அளந்த இடம்தான் தவறு. செயற்கைக்கோள் காட்டுவது கடலின் மேல்தோலை. சினைப்பட்ட தாய்கள் இருப்பது நூறு மீட்டர், இருநூறு மீட்டர் கீழே. அந்த ஆழத்தில் வடக்கு நீரின் பங்கு அப்போதும் நன்றாகவே இருந்தது. "கடல் சூடாகிவிட்டது, மீன் போய்விட்டது" என்று யாராவது ஒரே வரியில் முடித்தால், எந்த ஆழத்தில், எந்த மாதத்தில் என்று கேட்டுவிடுங்கள்.

நான் சொல்லவந்த மையம் இதுதான்: கடல் ஒரு காரணம், தாய் இன்னொரு காரணம் என்று இரண்டு பெட்டியில் போட்டுவைப்பது பாடப்புத்தக வசதிக்கு மட்டும். குஞ்சு பிறப்பதற்கு முந்தைய கோடையில் மேலெழுச்சி நன்றாக இருந்தால் தாய் நன்றாகத் தின்று ஈரலிலும் குடலைச் சுற்றியும் கொழுப்பு சேர்க்கும். குளிர்காலத்தில் அந்தக் கொழுப்பு சினைக்குப் போகும். எண்ணெய்த் துளியில் இருப்பது போன ஆண்டின் கடல். ஒரு குஞ்சு இரண்டு கடல்களைச் சந்திக்கிறது. முதலாவதைத் தாயின் வயிற்றில், இரண்டாவதைத் தன் வாயால்.

காதுக்குள் இருக்கும் குறிப்பேடு

இரண்டையும் பிரித்து அளக்க ஒரு அழகான வழி இருக்கிறது. மீனின் தலைக்குள், சமநிலை உணரும் உறுப்பில், செவிக்கற்கள் உண்டு. சாப்பிடும்போது சில மீன்களின் தலையில் வெள்ளைக் கல் போலப் பல்லில் படுமே, அதே கல்தான். குஞ்சுப் பருவத்தில் அதன்மேல் நாளொன்றுக்கு ஒரு சுண்ணாம்பு வளையம் படியும். பிறந்த அன்று ஒரு அழுத்தமான கருவளையம் விழும். அந்தக் கருவளையத்துக்கு உட்பட்ட மையம் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவானது. அதன் ஆரம் பெரிதென்றால் குஞ்சு பெரிதாகப் பிறந்திருக்கிறது. வெளியே உள்ள ஒவ்வொரு வளையத்தின் அகலமும் அந்தந்த நாள் எவ்வளவு வளர்ந்தது என்பதைக் காட்டும். ஒரே கல்லில் உள்ளே தாயின் கையெழுத்து, வெளியே கடலின் கையெழுத்து.

செய்யும் முறை கேட்க எளிது. குஞ்சை எத்தனாலில் பாதுகாக்கவேண்டும். பழக்கத்தில் ஃபார்மலினில் போட்டுவிட்டால் அதன் அமிலம் கல்லைக் கரைத்துவிடும். உடல் அழகாக இருக்கும், கல் இருக்காது. உருப்பெருக்கியின் கீழ் மெல்லிய ஊசிகளால் தலையைப் பிரித்துக் கல்லை எடுக்கவேண்டும். பிறந்து சில நாளான குஞ்சின் கல் தலைமுடியின் தடிமன் அளவுக்குத்தான் இருக்கும் என்பதால், ஊசிமுனையில் தெறித்துத் தொலைவதும் வழக்கம். இளங்கல்லை எண்ணெயில் வைத்து நேரடியாகப் பார்க்கலாம். சில மாதமான மீனின் கல் தடித்திருக்கும். பிசினில் பதித்து, நைசான தேய்ப்புத் தாளில் மையம் தெரியும்வரை தேய்க்கவேண்டும். ஒரு இழுப்பு அதிகம் தேய்த்தால் மையமே போய்விடும், அதோடு தாயைப் பற்றிய தகவலும் போய்விடும். ஒரே நாளில் இரண்டு மெல்லிய கோடு விழுவதும் உண்டு, அதைத் தனி நாளாக எண்ணிவிட்டால் வயது தப்பும். அதனால் ஒரே கல்லை முந்தைய எண்ணிக்கையைப் பார்க்காமல் திரும்ப எண்ணுவார்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்தக் கல்லை ஒதுக்கிவிடுவார்கள்.

எண்ணி முடித்தபின் இருக்கும் ஒப்பீடுதான் உண்மையான பயன். பிப்ரவரியில் பிடித்த குஞ்சுகளின் மைய ஆரத்தை எழுதி வையுங்கள். அதே பருவத்தில் பிறந்து ஜூனில் பிடிபட்டவற்றின் மைய ஆரத்தையும் எழுதுங்கள். ஜூன் மீன்களின் மையம் சராசரியில் பெரிதாக இருந்தால், சிறிதாகப் பிறந்தவை வழியிலேயே போய்விட்டன என்று பொருள். இரண்டும் சமமாக இருந்தால் அந்த ஆண்டு பிறப்பளவு பெரிதாக உதவவில்லை. தொடங்குபவர்கள் செய்யும் பிழை, ஜூன் மீன்களை மட்டும் அளந்துவிட்டு "குஞ்சுகள் எல்லாம் பெரிதாகத்தான் பிறக்கின்றன" என்று முடிவு கட்டுவது. செத்தவற்றின் கல் கடலடியில் கிடக்கிறது, உங்கள் கண்ணாடித் தகட்டில் அல்ல.

தாயின் பங்கு எல்லா ஆண்டும் ஒரே அளவில் தெரியாது. இரை எங்கும் நிறைந்த ஆண்டில் சின்னத் துளியோடு பிறந்ததும் பிழைத்துக்கொள்ளும். எங்குமே இரையில்லாத ஆண்டில் பெரிய துளியும் சில நாள் அவகாசம்தான் தரும். திட்டுத்திட்டாக இரை கிடக்கும் நடுத்தர ஆண்டில்தான், அடுத்த திட்டை எட்டும்வரை தாங்கவைக்கும் எண்ணெய் உயிரைக் காப்பாற்றுகிறது. இனத்துக்கு இனமும் வேறுபடும். பிளாக் ராக்ஃபிஷில் தாயின் வயது தெளிவாகத் தெரிந்தது. மற்ற ராக்ஃபிஷ் இனங்களைச் சோதித்தபோது சிலவற்றில் அந்தத் தொடர்பு வலுவாகவும், சிலவற்றில் மங்கலாகவும் இருந்தது. கிழ மீன் எல்லாம் தங்கம் என்று பொதுவிதி எழுதிவிட முடியாது.

பிடிப்பில் எங்கே இடிக்கிறது

இங்கேதான் நடைமுறைச் சிக்கல். மீன்பிடிப்பு வயதைத்தான் முதலில் வெட்டுகிறது. ஆண்டுதோறும் தூண்டிலுக்கும் வலைக்கும் தப்பி முப்பது வயதைத் தொடுவது அரிது. எடையில் பார்த்தால் மீன்வளம் பாதி மிஞ்சியிருக்கும், ஆனால் முதிய தாய்கள் பாதிக்கும் மிகக் கீழே போயிருக்கும். வெறும் எண்ணிக்கையிலேயே இழப்பு பெரிது. அட்லாண்டிக் காட் மீனில், 30 கிலோ தாய் ஒன்று போடும் முட்டை, 2 கிலோ தாய்கள் 28 சேர்ந்து போடுவதைவிட அதிகம் என்று 2018 இல் வெளியான ஒரு ஆய்வு கணக்கிட்டது. அந்த 28 மீனின் மொத்த எடை 56 கிலோ.

சின்ன மீனைப் பிடிக்காதே, பெரியதைப் பிடி என்ற குறைந்தபட்ச அளவு விதி குஞ்சுகளைக் காக்கிறது, தாய்களைக் காட்டிக்கொடுக்கிறது. பெரியதையும் விட்டுவிடு, நடுவில் உள்ளதை மட்டும் எடு என்றால் சரியாகிவிடாதா? ஆழமற்ற நீரில் வாழும் மீனுக்குச் சரிப்படும். ராக்ஃபிஷை நூறு மீட்டரிலிருந்து தூக்கினால் காற்றுப்பை உப்பி, இரைப்பை வாய்வழியே பிதுங்கி, கண் வெளியே தள்ளும். அப்படியே தூக்கிப் போட்டால் மிதந்தே சாகும். எடை கட்டிய இடுக்கியால் தாடையைப் பிடித்து மறுபடி ஆழத்துக்கு இறக்கிவிட்டால் பல பிழைக்கின்றன. என்றாலும் விதியைக் காகிதத்தில் எழுதுவதைவிட, பிடிக்கவே கூடாத பகுதிகளை ஒதுக்குவதே இந்த மீன்களுக்குப் பொருத்தம். அமெரிக்க மேற்குக் கரையில் 2001, 2002 ஆண்டுகளில் பெரிய பரப்புகளை அப்படித்தான் மூடினார்கள்.

நம் பக்கம் பார்த்தால் கதை வேறு மாதிரி. கேரளக் கரையின் மத்தி, தமிழில் பேய்ச்சாளை என்றும் சொல்வது, இரண்டு மூன்று ஆண்டே வாழும். கிழத்தாய் என்ற சேமிப்பு அதற்குக் கிடையாது. தென்மேற்குப் பருவமழையின் மேலெழுச்சியை நம்பியே அதன் குஞ்சுகள் பிழைக்கின்றன. அடுத்தடுத்து இரண்டு பருவம் பொய்த்தால் வளமே சரிந்துவிடும். கேரளத்தில் 2012 இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் இறங்கிய மத்தி, 2021 இல் சுமார் 3,300 டன்னுக்கு விழுந்தது இந்த இனத்தின் இயல்பான ஆட்டத்தைக் காட்டுகிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் தடை, சினைக்காலத்தில் தாய்க்கு இடைவெளி தருகிறது. நீண்ட நாள் வாழும் பெரிய மீன்களை அது மட்டுமே கிழப்பருவம் வரை கொண்டுசேர்க்காது, ஏனென்றால் மிச்சப் பத்து மாதமும் அவை வலைக்கு எதிரில்தான் இருக்கின்றன.

பொகாச்சியோவுக்கே திரும்பி வருவோம். 1999 இல் அது அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட இனம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. முந்தைய எல் நினோ முடிந்து கடல் குளிர்ந்த அதே 1999 இல், எஞ்சியிருந்த தாய்கள் ஈன்ற குஞ்சுகள் நன்றாகப் பிழைத்தன. 2013 இல் மீண்டும் ஒரு பெருந்தொகுதி வந்தது. 2017 இல் இனம் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். தென் கலிபோர்னியாவில் பெரிய பொகாச்சியோ ஒரே குளிர்காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஈனும், சிறியவை ஒருமுறையோடு நிறுத்திக்கொள்ளும். 1999 இல் பிறந்து இன்னும் பிடிபடாமல் இருப்பவைக்கு இப்போது இருபத்தைந்து வயது கடந்துவிட்டது. ஐம்பது வரை வாழ்ந்தால், இன்னும் இருபதுக்கு மேற்பட்ட குளிர்காலங்கள் அவற்றுக்குப் பாக்கி.